டானியல் மாஸ்ரர் கண்ட உள்ளான்

பியாட்றிஸுக்குப் பறவைகள் மீது பெரிய பிரியம் எதுவும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மூன்று வருடமாக ஒவ்வொரு தை மாதமும் விடியுமுன் புறப்பட்டு, கணுக்கால் சேற்றில் நின்று கடலேரியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதினால், படிக்கிறவர்கள் உடனே அவரை இயற்கையை நேசிப்பவர் என்று முடிவுகட்டிவிடுவார்கள். அப்படி ஒன்றும் இல்லை. முதல் நாள் நான் தொலைநோக்கியை அவர் கையில் கொடுத்து, அதோ அந்தக் கூட்டம் கொசு உள்ளான், பனி நாட்டில் இருந்து ஆயிரக்கணக்கான மைல் பறந்து வருகிறது, நிறை இரண்டு மூன்று தீப்பெட்டி அளவுதான் என்றெல்லாம் விளக்கத் தொடங்கினேன். அவர் ஒரு நிமிடம் பார்த்தார்.

"உதை நாங்கள் சின்னனிலை பொரிச்சுச் சாப்பிட்டிருக்கிறம்" என்றார்.

என் பாடம் அத்துடன் முடிந்தது.

அவர் பிறந்தது கொழும்புத்துறையில். தகப்பன் கடலேரியில் தடி நட்டு வலை கட்டி இறால் பிடித்தவர். ஏழு வயதிலேயே மகளும் வற்று நேரத்தில் இறங்கிச் சேற்றுக்குள் மட்டிச் சிப்பி கிளறுவதற்கும், வந்த இறாலைச் சிறிது பெரிதாகப் பிரிப்பதற்கும் பழகிவிட்டார். அந்த வீட்டுப் பெண்ணை மிஷன் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் டானியல் கட்டிக்கொண்டது அந்தக் காலத்தில் சின்ன விசயம் இல்லை. மாஸ்ரர் வீட்டார் மூன்று தலைமுறை மெதடிஸ்தர்கள். முன்னறையில் பியானோ இருந்த வீடு. கலியாணத்துக்கு அந்தப் பக்கத்தில் இருந்து ஒரேயொரு சித்தி மட்டும் வந்தாராம். வந்தவரும் மணப்பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம், சேறு ஒட்டியிருக்கிறதா என்று. பியாட்றிஸ் இதைக் கோபமாகச் சொல்வதில்லை. நல்ல காலம், அன்றைக்குக் கழுவிவிட்டுத்தான் கோயிலுக்குப் போனேன் என்று சொல்லிச் சிரிப்பார்.

கலியாணத்துக்குப் பிறகு தையல் பழகினார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைப்பதில் அவருக்கு ஒரு பெயர் உண்டு, கழுத்துப்பட்டி சுருங்காது. தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து ஊரே எழும்பி நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது, மாஸ்ரர் தன் பறவை டயரிகளையும் பியாட்றிஸ் தையல் மெசினின் தலையையும் சுமந்துகொண்டு போனார்கள். அடுத்த ஆறு மாதம் எது சோறு போட்டது என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் அந்த டயரிகளைக் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை. டானியல் மாஸ்ரர் பொய் சொல்லாத மனிதர். செத்துப்போன எல்லாருக்கும் கொடுக்கும் பட்டம் அல்ல இது. அந்த மனிதர் மற்றவர்களுக்குத் தொந்தரவாகும் அளவுக்குப் பொய் சொல்லாதவர். எங்கள் பறவைச் சங்கத்தின் தை மாதக் கணக்கெடுப்பில், வெள்ளைக் கொக்கு எத்தனை மாஸ்ரர் என்று கேட்டால், நாற்பத்தொன்று, இன்னொன்று கொக்கோ பொலித்தீன் பையோ தெரியவில்லை என்பார். நாற்பத்திரண்டு என்று போட்டுவிடலாமே என்றால் முகம் சுருங்கிவிடும்.

அந்தச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். பெயர் அருளம்பலம், நில அளவைத் திணைக்களத்தில் படம் வரைந்து ஓய்வு பெற்றவன். பதினான்கு பேர் கொண்ட சங்கத்துக்குச் செயலாளராக இருப்பது ஒன்றும் மந்திரிப் பதவி அல்ல. ஆனாலும் பதிவுப் புத்தகம் என்னிடம் இருந்தது. குடாநாட்டில் எந்தப் பறவை வந்தது, எது வரவில்லை என்பதை நான் எழுதினால்தான் உண்டு. அந்த எண்ணம் என் தலைக்குள் நன்றாகவே ஏறியிருந்தது. இனி வரும் பகுதியை எழுத எனக்கு விருப்பம் இல்லை. எழுதாமல் பியாட்றிஸின் கதையைச் சொல்லவும் முடியாது.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு தை மாதக் காலையில் மாஸ்ரர் என் வீட்டுக்குச் சைக்கிளில் வந்தார். களிசான் முழங்கால்வரை நனைந்திருந்தது. வந்த கையோடு குறிப்புப் புத்தகத்தை விரித்தார். தனங்கிளப்புக் கரையில், காலை ஆறு ஐம்பதுக்கு, பனி விலகிய இடைவெளியில் நான்கு நிமிடம் ஒரு சின்ன உள்ளானைக் கண்டிருக்கிறார். அலகின் நுனி கரண்டிபோல அகன்றிருந்ததாம். பென்சிலால் வரைந்தும் வைத்திருந்தார். கரண்டிமூக்கு உள்ளான் என்ற பறவை உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம் என்கிறார்கள். அது இந்தப் பக்கம் வருவதென்றால் பெரிய செய்தி. மாஸ்ரரிடம் கமரா இல்லை. நாளைக்கு நீங்களும் வந்து பாருங்கள் என்று கேட்டார். வருகிறேன் என்றேன்.

மறுநாள் விடிய மோட்டார் சைக்கிளில் புறப்பட்டேன். நாவற்குழிப் பாலத்தடிக்கு வந்தபோது முன்சில்லே தெரியாத பனி. தேத்தண்ணிக் கடையில் ஒதுங்கி ஒரு பிளேன்ரீ குடித்தேன். பிறகு இன்னொன்று. பனி விலகும் பாடாக இல்லை. பனி மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும். இருபது வருடம் அந்தக் கடலேரியைச் சுற்றியவன் நான். இப்படி ஒரு பறவை எனக்கு முகம் காட்டாமல் ஒரு கணக்கு வாத்தியாருக்குக் காட்டியது எனக்குப் பொறுக்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பதிவுப் புத்தகத்தில் இப்படி எழுதினேன்: "செயலாளர் நேரில் சென்று தேடினார். அவ்வாறான பறவை இல்லை. கண்டதாகச் சொல்வது கற்பனையாக இருக்கலாம்."

அடுத்த கூட்டத்தில் தேத்தண்ணி வந்தபோது யாரோ, "மாஸ்ரர், கரண்டி கொண்டு வந்தனீங்களோ?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாஸ்ரர் இன்னும் இரண்டு கூட்டத்துக்கு வந்தார், பிறகு வரவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேலி சங்கத்தைத் தாண்டி, பள்ளிக்கூடத்துக்குள்ளும் சந்தைக்குள்ளும் போய்விட்டது. நாற்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் கடைசியில் கரண்டி மாஸ்ரர் ஆனார்.

அவர் மூன்று வருடத்துக்கு முன்னால் இறந்தார். செத்தவீட்டில் பந்தலுக்குக் கீழே இருந்த இரண்டு பேர், "ஆர், கரண்டி மாஸ்ரரோ?" என்று கேட்டுச் சிரித்தது யன்னலுக்கு உள்ளே இருந்த பியாட்றிஸின் காதில் விழுந்திருக்கிறது. அந்த வருடம் மார்கழியில் அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை, இருக்கவும் இல்லை.

"அவர் ஒரு பொய்யும் சொல்லாமல் செத்தவர். அவரைப் பொய்க்காரன் எண்டு சனம் சிரிக்கிறதை நான் கேட்டுக்கொண்டு இருக்க ஏலாது. அந்தக் குருவியை எனக்கு ஒருக்கால் காட்டுங்கோ, அருளம்பலம் அண்ணை."

வழி தவறி ஒருமுறை வந்த பறவை மறுபடியும் அதே கரைக்கு வரும் என்று நம்புவது பைத்தியக்காரத்தனம் என்பதை நான் மிகவும் மரியாதையாக விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். வராவிட்டால் வரவில்லை என்று எழுதுங்கள், ஆனால் இந்த முறை நான் பார்த்த பிறகு எழுதுங்கள் என்றார். அந்தச் சொல் என் நெஞ்சில் எங்கோ போய்த் தைத்தது. சரி, போவோம் என்றேன்.

அப்படித்தான் தொடங்கியது. ரொறன்ரோவில் இருக்கும் அவருடைய மகள் மதுஷா ஒரு நல்ல கமரா அனுப்பினார். பக்கத்து வீட்டு றயனின் ஓட்டோவில் போவோம். நான் சப்பாத்துப் போட்டுச் சேற்றில் புதைந்து, இழுத்து, ஒவ்வொரு அடிக்கும் முனகிக்கொண்டு நடப்பேன். அவர் செருப்பைக் கரையில் கழற்றி வைத்துவிட்டு, கூடத்தில் நடப்பதுபோல நடப்பார். எந்த இடத்தில் கால் வைத்தால் புதையாது என்று அவருடைய கால்களுக்குத் தெரியும். பறவைகளின் பெயர்கள் அவர் மனதில் ஒருநாளும் தங்கவில்லை. ஆனால் கண் கூர்மை. நான் தொலைநோக்கியைத் துடைத்து முடிப்பதற்குள், அந்தக் கூட்டத்தில் ஒன்றுக்கு ஒரு கால் இல்லை என்று சொல்லிவிடுவார்.

முதல் வருடம் கிடைக்கவில்லை. இரண்டாம் வருடமும் இல்லை. ஒவ்வொரு நாளும் திரும்பும்போது, நாளைக்கும் வருவோம் என்பார். இரவு சட்டைகளைத் தைத்து முடித்துவிட்டு, காலையில் கண் சிவக்க வந்து நிற்பார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அதைவிட அதிகமாக என்மேல் பயம் வந்தது. என் மனதில் ஒரு கள்ளக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பறவை ஒருமுறை வந்துவிட்டால் மாஸ்ரரின் பெயரும் மீளும், நானும் தப்புவேன். அன்றைக்கு நான் தேடியபோது அது வேறு பக்கம் போயிருந்தது என்று ஆகிவிடும். நான் போகவே இல்லை என்பது யாருக்கும் தெரியவேண்டி வராது.

இந்த வருடம் தை மாதத்தின் கடைசி வாரம் அது. பனி என்றால் அப்படி ஒரு பனி. வலை கட்டிய தடிகளில் முதல் இரண்டுதான் தெரிந்தன, மற்றவை எங்கே போயின என்றே தெரியவில்லை. றயன் ஓட்டோவுக்குள் போர்த்துக்கொண்டு படுத்துவிட்டான். நாங்கள் ஒரு கண்டல் மரத்தடியில் சாக்கை விரித்து இருந்தோம். எனக்கு இருமல் வந்தது. தண்ணீருக்குள் ஏதோ துள்ளும் சத்தமும், எங்கோ உள்ளான்கள் கீச்சிடும் சத்தமும் தவிர ஒன்றும் இல்லை. ஏழு மணியாகியிருக்கும். ஒரு பக்கத்தில் பனி மெல்லக் கிழிந்தது.

பதினைந்து மீற்றர் தூரத்தில் ஒரு கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. கொசு உள்ளான்கள், ஒரு முப்பது இருக்கும். நான் வலப்பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். பதினோராவதோ பன்னிரண்டாவதோ பறவை தலையை நிமிர்த்தியது. அலகின் நுனியில் ஒரு கரண்டி.

கமரா, கமரா என்று மட்டும் சொன்னேன். அவர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தார். கமரா கிளிக் கிளிக் என்றது. பறவை இரண்டு அடி நடந்தது, தலையை உதறியது, அலகைத் தண்ணீரில் வைத்து எடுத்தது. மாஸ்ரர் வரைந்த அதே கரண்டி, அதே மாதிரி ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்து. என் கண்ணாடியில் பனி பிடித்துவிட்டது. துடைத்துப் போட்டபோது பனித்திரை மறுபடி மூடியிருந்தது. கூட்டம் எழும்பிப் பறக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

நான் அழுதுவிட்டேன். அறுபத்தாறு வயதில் சேற்றுக்குள் குந்தியிருந்து அழுதேன். மாஸ்ரர் சரி, மாஸ்ரர் சொன்னது சரி என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். இன்றைக்கே பதிவுப் புத்தகத்தைத் திருத்துகிறேன், கொழும்புக்கு அறிவிக்கிறேன், அடுத்த கூட்டத்தில் அவர் படத்துக்கு மாலை போடுவோம் என்று அடுக்கிக்கொண்டே போனேன். பியாட்றிஸ் கமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு படத்தைப் பெரிதாக்கி என் முன்னால் நீட்டினார்.

"அண்ணை, உது மட்டி."

எனக்கு விளங்கவில்லை. அவர் விரலால் காட்டினார். அலகின் நுனியில் நகத்தளவு இரண்டு ஓடுகள். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. பறவை சேற்றுக்குள் அலகை விட்டிருக்கிறது. வாய் திறந்து கிடந்த சின்ன மட்டி ஒன்று மூடிக்கொண்டுவிட்டது. அப்படிக் கௌவினால் இலேசில் விடாது என்றார். சின்ன வயதில் தன் விரலையே கௌவியிருக்கிறதாம். உள்ளான்களின் காலில் தொங்குவதையும் கண்டிருக்கிறாராம். தூரத்தில், பனிக்குள், கரையில் வளராத ஒரு ஆளுக்கு அது கரண்டியாகத்தான் தெரியும். பறவை நிமிர்ந்த கணத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் படம் எடுப்பதை நிறுத்தவில்லை.

நான் சண்டை பிடித்தேன். முப்பது வருடப் பறவை அறிவு முழுவதையும் எடுத்து அந்த மட்டியோடு மோதினேன். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கடைசி ஐந்து படங்களில் ஓடு தெளிவாகத் தெரிந்தது. முதல் நான்கில் தெரியவில்லை. அந்த நான்கையும் பார்த்தால் யாரும் கரண்டிமூக்கு என்றுதான் சொல்வார்கள். அப்போது நான் சொன்னதை இங்கே எழுதவே வெட்கமாக இருக்கிறது. முதல் நான்கு படம் போதும், மற்றதை அழித்துவிடுவோம், மாஸ்ரரின் பெயருக்காக என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது.

"அவர் பொய் சொல்லேல்லை எண்டு காட்டத்தான் வந்தனான். பொய் சொல்லி அதைக் காட்ட ஏலுமே? கண்டதைத்தான் கீறி வைச்சவர். அவர் கண்டது இதைத்தான். இதை எழுதுங்கோ, போதும்."

சொல்லிவிட்டுக் கமராவை மூடினார். பிறகு திடீரென்று விம்மத் தொடங்கினார். மாஸ்ரரின் செத்தவீட்டில்கூட நான் அவரை அப்படிக் காணவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தக் காலையில் மாஸ்ரர் அவரையும் கூப்பிட்டாராம், நீயும் வா, கடலேரி பார்த்து எத்தனை காலம் என்று. பள்ளிக்கூடம் தொடங்கும் மாதம், பதினேழு சட்டை முடிக்க இருந்தது, உங்களுடைய குருவிக்கு நான் எதற்கு என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். "நான் வந்திருந்தா ஒரு பார்வையிலை சொல்லியிருப்பன். ரெண்டுபேரும் சிரிச்சுப்போட்டு வீட்டை போயிருப்பம்" என்றார்.

நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த மனுசி வராததற்காக இப்படி அழுகிறார். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவன் நான். வராமலே, வந்தேன் என்று எழுதியவன். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனிதனே இல்லை என்று பட்டது.

"மிஸிஸ் டானியல், அண்டைக்கு நான் இங்கை வரவேயில்லை. பாலத்தடியிலை தேத்தண்ணி குடிச்சிட்டுத் திரும்பினனான். புத்தகத்திலை எழுதினது முழுப் பொய்."

அவர் கண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"தெரியும்" என்றார்.

அந்த இரண்டாம் நாளும் மாஸ்ரர் சைக்கிளில் அந்த வழியாகத்தான் வந்திருக்கிறார். கடை விளக்கில் நான் கிளாசோடு வாங்குப் பலகையில் இருந்ததையும் கண்டிருக்கிறார். பின்னால் வருவார் என்று நினைத்துக்கொண்டு, இந்தக் கரைக்கு வந்து பத்து மணிவரை காத்து நின்றாராம். பிறகு கூட்டத்தில் புத்தகத்தில் நான் எழுதியதை வாசித்திருக்கிறார். வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடித்த பிறகு மனைவியிடம் மட்டும் சொன்னாராம். சொல்லிவிட்டு, யாரிடமும் கதைக்கவேண்டாம், அந்தாளுக்கு ஊரில் ஒரு பெயர் இருக்கிறது என்றாராம்.

மூன்று வருடம். இது அத்தனையும் தெரிந்துகொண்டுதான் அவர் என் பக்கத்தில் இருந்திருக்கிறார். எனக்கு இருமல் வந்தபோது சுடுதண்ணீர்ப் போத்தலைத் திறந்து தந்திருக்கிறார். சேற்றில் புதைந்தபோது கை கொடுத்து இழுத்திருக்கிறார். சங்கத்தில் இன்னும் பதின்மூன்று பேர் இருக்கிறார்கள். இவ்வளவும் தெரிந்த நீங்கள் ஏன் என்னைத் தேடி வந்தீர்கள் என்று கேட்டேன்.

அவர் எழுந்து சாக்கை உதறி மடித்துக்கொண்டே பதில் சொன்னார்.

"வாறன் எண்டு அவருக்குச் சொன்னது நீங்கள்தானே, அண்ணை."

மாசி மாதக் கூட்டத்தில் நான் எழுந்து நின்று, மட்டியையும் பாலத்தடியையும் பற்றிப் புத்தகத்தில் புதிதாக எழுதியதை முழுவதும் வாசித்தேன். பியாட்றிஸ் முன்வரிசையில் இருந்து கேட்டார்.